உடம்பைப் படிக்க உடம்பிலிருந்தே தொடங்குங்கள்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு நர்சிங் பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அனாட்டமியும் (உடம்பின் அமைப்பு) ஃபிசியாலஜியும் (அதன் செயல்) எடுத்தவள் நான். வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழ் வழியில் படித்தவர்கள். சங்கரன்கோவில், அம்பாசமுத்திரம், களக்காடு என்று சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வந்து விடுதியில் தங்குவார்கள். புத்தகத்தைத் திறந்ததும் அவர்கள் முகத்தில் வரும் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். 206 எலும்பு, அறுநூறுக்கும் மேல் தசை, ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத பெயர். சில நாளிலேயே மனப்பாடம் தொடங்கிவிடும். மொட்டைமாடியில் நடந்துகொண்டே 'ஸ்கஃபாய்டு, லூனேட், ட்ரைக்வெட்ரம், பிசிஃபார்ம்' என்று ஒப்பிப்பார்கள். அந்த எலும்புகள் உன் கையில் எங்கே இருக்கின்றன, தொட்டுக் காட்டு என்றால் விழிப்பார்கள்.

நர்சிங், லேப் டெக்னீசியன், பிசியோதெரபி என்று எதில் சேர்ந்திருந்தாலும் சரி, படிப்பு முடிந்து பல வருடம் கழித்துத் தன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவராக இருந்தாலும் சரி, நான் சொல்லும் வழி ஒன்றுதான். முதலில் தொட்டுப் பாருங்கள். அது என்ன வேலை செய்கிறது என்று உடனே கேளுங்கள். அதன் பிறகு பெயரைப் படியுங்கள். அமைப்பை ஒரு மாதமும் செயலை இன்னொரு மாதமும் தனித்தனியாகப் படித்தால் இரண்டுமே நிற்காது. இதயத்தின் கீழறையான இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் ஏன் தடிமன் என்று தெரிந்தவளுக்கு அது தடிமன் என்பதை மனப்பாடம் செய்யும் வேலை மிச்சம்.

ஒரு சின்ன விஷயத்தை முதல் நாளே தெளிவு செய்துகொள்ளுங்கள். படத்தில் இருக்கும் உடம்பு உங்களைப் பார்த்து நிற்கிறது. உள்ளங்கை முன்னால் திரும்பியிருக்கிறது. ஆகவே படத்தில் உங்கள் வலப்பக்கம் தெரிவது அந்த உடம்பின் இடப்பக்கம். 'இடது' என்றால் எப்போதும் நோயாளியின் இடது. சுண்டுவிரல் பக்கம் உடம்பின் நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் உள்பக்கம். கட்டைவிரல் பக்கம் வெளிப்பக்கம். எழுந்து நின்று, உள்ளங்கையை முன்னால் காட்டி, இதை ஒருமுறை உங்கள் உடம்பிலேயே சொல்லிப் பாருங்கள்.

எலும்பைத் தடவிப் படியுங்கள்

பாடப்புத்தகங்கள் செல்லில் தொடங்கும். நான் எலும்பில் தொடங்குவேன். செல்லைக் கண்ணால் பார்க்க முடியாது, எலும்பைத் தொட முடியும் என்பதுதான் காரணம். தசைக்கும் சிறுநீரகத்துக்கும் வரும்போது செல் தானாகவே தேவைப்படும். அப்போது திரும்பிப் போய்ப் படித்தால் ஆர்வத்தோடு படிப்பீர்கள்.

கழுத்துக்குக் கீழே, நடுவில் ஒரு குழி இருக்கிறது அல்லவா, அங்கே விரலை வையுங்கள். இரண்டு பக்கமும் நீளும் எலும்பு காரை எலும்பு. குழியிலிருந்து மார்பெலும்பின் மேலேயே விரலை மெதுவாகக் கீழே இறக்குங்கள். நாலைந்து சென்டிமீட்டரில் குறுக்காக ஒரு மேடு தட்டும். ஸ்டெர்னல் கோணம் என்று பெயர். அந்த மேட்டின் நேர் பக்கத்தில் வந்து சேர்வது இரண்டாவது விலா எலும்பு. முதல் விலா காரை எலும்புக்கு அடியில் ஒளிந்திருப்பதால் அதை எண்ண முடியாது. இந்த மேட்டிலிருந்துதான் எண்ணத் தொடங்க வேண்டும். இரண்டாவது விலாவுக்குக் கீழே இருக்கும் பள்ளம் இரண்டாவது விலா இடைவெளி. இப்படியே இடப்பக்கம் ஐந்தாவது இடைவெளி வரை இறங்குங்கள். அங்கிருந்து, காரை எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழே இறங்கும் கற்பனைக் கோடு வரை வெளிப்பக்கம் நகருங்கள். கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் இதயத்தின் நுனி விரலில் தட்டுவது பலருக்குத் தெரியும்.

இதை நான் இவ்வளவு நேரம் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாளைக்கு வார்டில் ஈசிஜி எடுக்கும்போது வி1 லீடை (மார்பில் ஒட்டும் மின்முனை) மார்பெலும்பின் வலது ஓரத்தில் நாலாவது இடைவெளியில் வைக்க வேண்டும், வி4 லீடை நீங்கள் இப்போது தொட்ட அதே இடத்தில் வைக்க வேண்டும். ஓர் இடைவெளி மேலே போனால் வரைபடமே மாறிவிடும். கண் மதிப்பில் வைக்கும் பழக்கம் வராமல் இருக்க, எண்ணும் பழக்கம் இப்போதே விரலுக்கு வர வேண்டும்.

முதுகுப் பக்கம் போங்கள். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் துருத்தும் முள் பெரும்பாலும் ஏழாவது கழுத்து முள்ளெலும்பு. அதற்குக் கீழே மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி நில்லுங்கள். கை உட்காரும் எலும்பு விளிம்புகளின் உச்சியை முதுகுப் பக்கமாக இணைத்தால் அந்தக் கோடு நாலாவது இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் போகும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதல், இரண்டாவது இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கும் மருத்துவர் ஏன் முதலில் இடுப்பைத் தடவிப் பார்க்கிறார் என்பதற்கு இதுதான் விடை.

பிட்டத்தில் ஊசி போடும்போது பிட்டத்தை நாலாகப் பிரித்து மேல், வெளிப்பக்கக் கால்பங்கைத் தேர்ந்தெடுப்பதும் இப்படித்தான். உடம்பிலேயே தடிமனான நரம்பான சயாட்டிக் நரம்பு கீழ், உள்பக்கமாக இறங்குகிறது. படத்தில் அந்த நரம்பைப் பார்த்துவிட்டு, உங்கள் இடுப்பெலும்பைத் தடவி, அது போகும் வழியை விரலால் வரைந்து பாருங்கள். ஒரு நோயாளியின் காலைக் காப்பாற்றும் பாடம் இது.

மணிக்கட்டு எலும்புகளுக்கு வருவோம். கட்டைவிரலை நன்றாக மேலே தூக்குங்கள். அதன் அடியில் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு பள்ளம் விழும். பள்ளத்தின் தரையில் தட்டுப்படுவது ஸ்கஃபாய்டு. கீழே விழும்போது கையை ஊன்றினால் அடிக்கடி முறிகிற மணிக்கட்டு எலும்பு இதுதான். எட்டில் ஒன்றை இப்படித் தெரிந்துகொண்டால், மற்ற ஏழையும் அதற்குப் பக்கத்தில் யார் என்று கேட்டுக்கொண்டே போகலாம்.

தசைகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எங்கே தொடங்குகிறது, எங்கே ஒட்டுகிறது, சுருங்கினால் எது நகரும் என்ற மூன்று கேள்வி போதும். முழங்கையை மடக்கி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, மேல்கைத் தசையின் மேல் மற்றக் கையை வைத்துக்கொள்ளுங்கள். இப்போது உள்ளங்கையை வேகமாக மேலே திருப்புங்கள். பைசெப்ஸ் இறுகுவது தெரியும். கையை மடக்குவது மட்டும் அதன் வேலை என்று நினைத்திருந்தவர்களுக்கு, அது முன்கையின் கட்டைவிரல் பக்க எலும்பான ரேடியஸில் ஒட்டியிருப்பதன் அர்த்தம் அந்த நொடியில் புரியும்.

உங்கள் முன்கையில் 1628

இந்தச் சோதனையை நான் ஒவ்வொரு வகுப்புக்கும் செய்து காட்டினேன். அலுத்ததே இல்லை.

கையைக் கொஞ்ச நேரம் தொங்கவிடுங்கள். முன்கையிலோ புறங்கையிலோ சிரைகள் புடைக்கும். தெரியாவிட்டால் மேல்கையில் ஒரு கைக்குட்டையை லேசாகக் கட்டுங்கள். கிளையில்லாத நேரான ஒரு சிரையைத் தேர்ந்தெடுங்கள். அதன் கீழ்முனையில், விரல்கள் இருக்கும் பக்கத்தில், ஒரு விரலை அழுத்தி வையுங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கை நோக்கிச் சிரையை வழித்துவிட்டு, அந்த இரண்டாவது விரலை எடுத்துவிடுங்கள். சிரை ஓரிடம் வரை திரும்ப நிரம்பி, அங்கேயே நின்றுவிடும். அதற்குக் கீழே, முதல் விரல் வரைக்கும் காலியாகவே கிடக்கும். ரத்தம் நின்ற இடத்தில் ஒரு சிறு முடிச்சுப் போலத் தெரிவதுதான் வால்வு. மேலே இருக்கிற ரத்தத்தைக் கீழ்நோக்கித் தள்ளிப் பாருங்கள்; அந்த இடத்தைத் தாண்டாது. முதல் விரலை எடுங்கள், கீழிருந்து சட்டென்று நிரம்பிவிடும்.

வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில மருத்துவர் 1628இல் வெளியிட்ட தன் நூலில் படம் போட்டுக் காட்டிய சோதனை இது. அதுவரை ஐரோப்பாவில் பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் சொன்னதுதான் வேதம்: கல்லீரல் ரத்தத்தை உண்டாக்குகிறது, உடம்பு அதைச் செலவழித்துவிடுகிறது. ஹார்வி கணக்குப் போட்டார். ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் இவ்வளவு ரத்தத்தைத் தள்ளினால், அரை மணி நேரத்தில் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தத்தையும் மிஞ்சிவிடுமே, அவ்வளவையும் சாப்பாட்டிலிருந்து உண்டாக்க முடியுமா? முடியாது. அப்படியானால் அதே ரத்தம்தான் சுற்றி வர வேண்டும். தமனியிலிருந்து சிரைக்கு அது எப்படிப் போகிறது என்பதை அவரால் பார்க்க முடியவில்லை. அவர் இறந்த பிறகு, 1661இல் இத்தாலிய மருத்துவர் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்து, இரண்டையும் இணைக்கும் நுண்ணிய குழாய்களான தந்துகிகளைக் கண்டார்.

அந்தக் கணக்கை நீங்களும் போடுங்கள். ஓய்வில் ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லி. நிமிடத்துக்கு 72 துடிப்பு. பெருக்கினால் ஐந்து லிட்டர். உங்கள் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் ஒரு முழுச் சுற்று.

கறிக்கடையில் ஒரு இதயம்

சதையைத் தொட மனம் வராதவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தால்கூடப் போதும். ஆனால் இதயத்தைப் படத்தில் மட்டும் படித்தவர்களுக்கும் ஒருமுறை கையில் பிடித்தவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் வருடா வருடம் பார்த்திருக்கிறேன்.

காலையிலேயே கறிக்கடைக்குப் போங்கள். இதயத்தைக் கடைக்காரர்கள் வழக்கமாகக் கீறி ரத்தத்தை வடித்துவிடுவார்கள். அதனால் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். "பாய், ஆட்டு இதயம் ஒண்ணு முழுசா வேணும். கீறக் கூடாது. மேல இருக்கிற குழாயெல்லாம் நீளமா விட்டு வெட்டுங்க." எங்கள் கடைக்கார பாய் முதலில் என்னை விநோதமாகப் பார்த்தார். பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க என்றதும், "அப்போ நுரையீரலோட சேர்த்தே தர்றேன் டீச்சரம்மா, அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கும், நல்லாப் புரியும்" என்று அவராகவே சொன்னார். அவர் சொன்னதே சரி. சேர்த்து வாங்குங்கள்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெட்டுக்காயம் இருக்கும் கையோடு தொடாதீர்கள். சமையல் கத்தியும் பலகையும் வேண்டாம். தனியாக ஒரு பிளேடு, ஒரு பழைய தட்டு போதும்.

வெட்டுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஒரு பக்கம் கல்லாக இருக்கும், அது இடது வெண்ட்ரிக்கிள். அமுங்குகிற பக்கம் வலது. நுனி முழுக்க இடதுக்கே சொந்தம் என்பதும் அப்போதே தெரியும். முன்பக்கம் சரிவாக ஓடும் கொழுப்புக் கோட்டுக்குள், இதயத்துக்கே ரத்தம் தரும் கொரோனரி தமனியின் கிளை இருக்கிறது. மேலே குழாய்களில் சுண்டுவிரலை விடுங்கள். வெட்டின பிறகும் வட்டமாகத் திறந்தே நிற்பது அயோர்ட்டா, உடம்புக்கு ரத்தம் போகும் பெருந்தமனி. சுவர் தொய்ந்து படுத்துவிடுவது பெருஞ்சிரை. தமனிக்கும் சிரைக்கும் வித்தியாசம் எழுதுக என்ற கேள்விக்குப் பதில் விரலிலேயே கிடைத்துவிட்டது.

உள்ளே உறைந்திருக்கும் ரத்தத்தைக் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டு, அயோர்ட்டா வழியாக மேலிருந்து தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் உள்ளே இறங்காமல் நிற்கும். அடியில் மூன்று சிறு பைகள் உப்பி ஒன்றோடொன்று சேர்ந்து வழியை அடைத்திருக்கும். அரைச்சந்திர வால்வு. தசையோ நரம்போ அதை இழுத்து மூடவில்லை. திரும்பி வரப் பார்க்கிற தண்ணீரே மூடுகிறது. அந்தப் பைகளுக்குச் சற்று மேலே சுவரில் இரண்டு சிறு துளைகளைத் தேடுங்கள். கொரோனரி தமனிகள் கிளம்பும் வாய் அவை. அயோர்ட்டாவின் முதல் கிளைகளே இதயத்துக்கானவை. இடது வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது தன் சுவருக்குள் ஓடும் தமனிகளைத் தானே நெரிக்கிறது. அதனால் அதற்கு ரத்தம் பெரும்பாலும் தளரும் நேரத்தில்தான் கிடைக்கிறது. துடிப்பு மிக வேகமானால் தளரும் நேரம் குறைகிறது. இதய நோயாளியின் நாடி எகிறும்போது வார்டில் ஏன் பதறுகிறோம் என்பது இப்போது விளங்கும்.

பிறகு வலது வெண்ட்ரிக்கிளை மேலிருந்து கீழாகத் திறவுங்கள். மெல்லிய வெள்ளை இதழ்கள், அவற்றின் ஓரத்திலிருந்து நூல் நூலாக இறங்கிச் சுவரில் நிற்கும் தசை மேடுகளில் கட்டியிருப்பது தெரியும். அந்த நூல்கள் வால்வை இழுத்துத் திறக்கின்றன என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது இதழ் மேலறையான ஏட்ரியத்துக்குள் புரண்டுவிடாமல் பிடித்துக்கொள்வது அவற்றின் வேலை. இடது பக்கத்தையும் திறந்து இரண்டு சுவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடது ஏறக்குறைய மூன்று மடங்கு. வலது பக்கத்து ஆயுள் வேலை அடுத்த வீட்டில் இருக்கும் நுரையீரலுக்கு அனுப்புவது; அதற்கு 25 மி.மீ. பாதரச அழுத்தம் போதும். இடது பக்கம் உள்ளங்கால் வரை தள்ள வேண்டும், 120 வேண்டும்.

நுரையீரலை வாயால் ஊதாதீர்கள். சைக்கிள் பம்பின் குழாயை மூச்சுக்குழலில் விட்டு மெதுவாக அடியுங்கள். மூச்சுக்குழலின் வளையங்கள் பின்பக்கம் மூடாமல் இருப்பதையும், உணவுக்குழாய் அந்த இடத்தில் ஒட்டியிருப்பதையும் தடவிப் பாருங்கள்.

ஆட்டுக்கும் நமக்கும் வேறுபாடு உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. ஆட்டின் வலது நுரையீரல் மேல்மடலுக்கு மூச்சுக்குழலிலிருந்தே தனிக் கிளை போகும். நமக்கு அப்படி இல்லை. குண்டிக்காயை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே ஒரே மேடாகத் தெரியும். மனிதச் சிறுநீரகத்தில் பல பிரமிடுகள் தனித்தனியாக நிற்கும். ஆட்டு இரைப்பைக்கு நாலு அறை, அது நமக்கு உதவாது. கடையில் சுவரொட்டி என்று கேட்டால் தருவது மண்ணீரல்; அதையும் ஒருமுறை வெட்டிப் பார்த்தால் அது ரத்தம் வடிகட்டும் உறுப்பு என்பது நிறத்திலேயே தெரியும்.

ஒரு இட்லியை விடாமல் பின்தொடருங்கள்

மண்டலம் மண்டலமாகப் படிப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. செரிமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கும் பெண்ணிடம், சாப்பிட்ட சர்க்கரை மூளைக்கு எப்படிப் போகிறது என்றால் நின்றுவிடுவாள். அதனால் நான் கொடுக்கும் பயிற்சி இது: காலையில் தின்ற இட்லி, உங்கள் வலது கைத் தசைக்குப் போய்ச் சேரும் வரை வழியில் ஓரிடம் விடாமல் எழுதுங்கள்.

வாயில் உமிழ்நீரின் அமைலேஸ் மாவுச்சத்தை உடைக்கத் தொடங்குகிறது; இட்லியை விழுங்காமல் நெடுநேரம் மென்றால் இனிப்புத் தட்டுவது அதனால்தான். இரைப்பையின் அமிலத்தில் அந்த நொதி செயலிழக்கிறது. முன்சிறுகுடலில் கணையத்தின் அமைலேஸ் வேலையைத் தொடர்கிறது. குடல் உறிஞ்சிகளின் பரப்பிலேயே மால்ட்டோஸ் குளுக்கோஸாக முடிந்து உள்ளே போகிறது. போர்ட்டல் சிரை, கல்லீரல், கல்லீரல் சிரை, கீழ்ப் பெருஞ்சிரை, வலது ஏட்ரியம், வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல், இடது ஏட்ரியம், இடது வெண்ட்ரிக்கிள், அயோர்ட்டா, கைக்குப் போகும் தமனிகள், தசையின் தந்துகி. இன்சுலின் இருந்தால் குளுக்கோஸ் தசைச் செல்லுக்குள் எளிதாக நுழையும். அங்கே ஆக்சிஜனோடு சேர்ந்து ஆற்றலும் வெப்பமும் தந்து, கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் முடிகிறது. அந்தக் கார்பன் டை ஆக்சைடு சிரை வழியாகத் திரும்பி உங்கள் மூக்கு வழியே வெளியேறுகிறது.

இதே பயிற்சியை இட்லிப் பொடிக்கு ஊற்றிய நல்லெண்ணெய்க்கும் செய்யுங்கள். வழி வேறு! கொழுப்புக்குப் பித்தநீர் வேண்டும். உறிஞ்சப்பட்ட பிறகு பெரும்பகுதி போர்ட்டல் சிரையில் ஏறாமல் நிணநீர்க் குழாய்களில் ஏறி, மார்பு நாளம் வழியாக இடது காரை எலும்புக்குப் பின்னால் சிரையில் கலக்கிறது. சாம்பாரின் பருப்புக்கும் எழுதுங்கள். அது யூரியாவில் முடிந்து உங்களைச் சிறுநீரகத்துக்குக் கொண்டுபோகும்.

சிறுநீரகத்தில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். அதன் வடிகட்டிகளான குளாமருலஸ்களில் ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகிறது, சிறுநீராக வெளியே போவது ஒன்றரை லிட்டர். இந்த வேலை எதற்கு வீணாக என்று கேட்பார்கள். அலமாரியைச் சுத்தம் செய்யும்போது எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப அடுக்குகிறோம் இல்லையா, சிறுநீரகத்தின் நுண்ணிய அலகான நெஃப்ரான் செய்வது அதைத்தான். உடம்புக்குப் புதிதான ஒரு கழிவு வந்தால் அதை அடையாளம் காண வேண்டிய அவசியமே இல்லை. திரும்ப எடுத்து வைக்காமல் விட்டாலே போதும்.

அளந்து பாருங்கள், பிறகு 'ஏன்' என்று கேளுங்கள்

ஃபிசியாலஜிக்கு ஆய்வகம் வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். விநாடி முள் உள்ள கடிகாரம் போதும். ஐந்து நிமிடம் படுத்திருந்து நாடியை எண்ணுங்கள். சட்டென்று எழுந்து நின்று உடனே எண்ணுங்கள். கூடியிருக்கும். நின்றவுடன் ரத்தம் கால்களில் தேங்க, கழுத்திலும் அயோர்ட்டா வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் மூளைத்தண்டுக்குச் சொல்ல, அது இதயத்தை விரைவுபடுத்துகிறது. வயதானவர்களுக்கும் சில ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இந்தப் பதில் தாமதமாவதால்தான், படுக்கையிலிருந்து எழுந்ததும் தலை சுற்றுகிறது. கழுத்தில் நாடி பார்க்கும்போது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்தவே கூடாது.

உட்கார்ந்த நிலையில் மூச்சை அடக்கிப் பாருங்கள். ஒரு கட்டத்தில் தாங்க முடியாத தவிப்பு வரும். ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று தோன்றும். உண்மையில் அந்தத் தவிப்பைத் தூண்டுவது முக்கியமாக ஏறிவிட்ட கார்பன் டை ஆக்சைடு. இதைத் தண்ணீருக்குள்ளோ வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டோ ஒருபோதும் செய்யக் கூடாது. தோழியின் ஒரு கண்ணில் டார்ச் அடித்தால் இரண்டு கண்ணின் பாவையும் (நடுவில் உள்ள கறுப்பு வட்டம்) சுருங்கும். ஒரு கண்ணில் பட்ட வெளிச்சம் இரண்டு கண்ணுக்கும் போக வேண்டுமானால் உள்ளே பாதைகள் எங்கேயோ குறுக்கே கடக்க வேண்டும். எங்கே என்று தேடிப் படியுங்கள்.

தினமும் ஒரு 'ஏன்' எடுத்து, பதில் தீரும் வரை விடாதீர்கள். சர்க்கரை நோயாளி ஏன் அடிக்கடி சிறுநீர் கழிக்கிறார்? 100 மில்லி ரத்தத்தில் குளுக்கோஸ் சுமார் 180 மி.கி.யைத் தாண்டினால் நெஃப்ரானால் அத்தனையையும் திரும்ப எடுக்க முடிவதில்லை. மிஞ்சின குளுக்கோஸ் தண்ணீரைத் தன்னோடு பிடித்துக்கொண்டு வெளியேறுகிறது. ஏன் தாகம்? தண்ணீர் போனதால் ரத்தம் செறிவாகிறது, மூளையின் ஹைப்போதலாமஸ் அதை உணர்கிறது. ஏன் மெலிகிறார்? குளுக்கோஸ் ரத்தத்தில் நிறைந்திருந்தும் செல்லுக்குள் போகாததால் உடம்பு கொழுப்பையும் தசையையும் எடுத்து எரிக்கிறது. ஒரே கேள்வியில் கணையம், சிறுநீரகம், மூளை, தசை நாலும் வந்துவிட்டன.

மொழியைப் பற்றி என்னிடம் கேட்காத பிள்ளை இல்லை. கருத்தைத் தமிழில் வாங்கிக்கொள்ளுங்கள், பெயரை வார்டில் சொல்கிறபடி சொல்லப் பழகுங்கள். 'ஐட்டிஸ்' வந்தால் அழற்சி, 'எக்டமி' வந்தால் வெட்டி எடுத்தது, 'ஹெப்பாட்டிக்' என்றால் கல்லீரல், 'ரீனல்' என்றால் சிறுநீரகம். இப்படி ஒரு சின்ன நோட்டில் சேர்த்துவந்தால் புது வார்த்தைகளில் பாதி தானே பிரிந்து வரும். தமிழில் படித்தால் இந்தப் பாடம் ஏறாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், உடற்கூறு நூல்களைத் தமிழாக்கினார்.

படத்தைப் பார்த்து வரைவதால் பயன் குறைவு. புத்தகத்தை மூடி, ஞாபகத்திலிருந்து வரையுங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு திறந்து, விட்டதை மட்டும் சிவப்புப் பேனாவால் போடுங்கள். அடுத்த நாள் அந்தச் சிவப்பை மட்டும் படித்தால் போதும். கைபேசியில் முப்பரிமாணச் செயலிகள் இருக்கின்றன, நல்லதுதான். பெயர்களை மறைத்துவிட்டுச் சுழற்றிப் பாருங்கள்.

மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு அறைக்கு அழைத்துப் போனால் ஒன்று சொல்வேன். அங்கே மேசையில் இருப்பவர் ஒரு வீட்டின் அப்பாவோ அம்மாவோ பாட்டியோ. தானமாக வந்த உடம்பு என்றால், நீங்கள் கற்க வேண்டும் என்று மனதார எழுதிக் கொடுத்தவர். கைபேசியை வெளியே வையுங்கள். பேச்சைக் குறையுங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாக நிற்காமல், கிட்டே போய், நன்றாகப் பாருங்கள். அவருக்குச் செய்யும் மரியாதை அதுதான்.

அடிப்படை பிடிபட்டதா என்று சோதிக்க, வீட்டில் யாருடையதாவது பழைய ரத்தப் பரிசோதனை அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தை மாற்ற அல்ல, அது மருத்துவர் வேலை, படிக்க. ஒவ்வொரு வரிக்கும் எந்த உறுப்பு, என்ன வேலை என்று எழுதுங்கள். கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு; கூடினால் வெளியேற்றும் சிறுநீரகத்தைச் சந்தேகிக்கிறோம். அல்புமின் கல்லீரலில் உண்டாகி ரத்தக்குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. குறைந்தால் கால் வீங்கும். எச்பிஏ1சி ஏன் இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டுகிறது? சிவப்பணு வாழ்வதே சுமார் 120 நாள், அதுவரை சர்க்கரை அதில் ஒட்டிச் சேர்கிறது. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் கூடியிருந்தால் பெரும்பாலும் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்கிறார்கள், அதெப்படி? டிஎஸ்எச் தைராய்டிலிருந்து வருவதில்லை, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. தைராய்டு சுணங்கினால் பிட்யூட்டரி இன்னும் அதிகமாக ஏவுகிறது. இதைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கோ தம்பிக்கோ புரிகிற மாதிரி உங்களால் சொல்ல முடிந்தால், நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்துக்குப் போகலாம்.